எப்படி இறங்குவீர்கள்? ஸ்கீ வித்தைகளைக் கற்கும் வரிசை

ஃப்ரீஸ்டைல் ஸ்கீ, அதாவது பனிச்சறுக்கில் தாவி வித்தை காட்டுவது, பழக வருகிறவர்களில் பெரும்பாலோரின் மனதில் ஏற்கெனவே ஒரு வித்தை இருக்கும். அநேகமாக அது 360, அதாவது காற்றில் ஒரு முழுச் சுற்று. அதற்கடுத்து பேக்ஃப்ளிப், அதாவது பின்பக்கமாகக் குட்டிக்கரணம். ஆசையில் தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் எதையெல்லாம் பழக வேண்டும் என்று கேட்டால் ஆளுக்கொரு பட்டியல் வரும். சுற்றின் அளவை வைத்து 180, 360, 540, 720 என்று அடுக்குவது பொதுவான வழக்கம். எண் கூடக் கூடக் கஷ்டமும் கூடும் என்பது கணக்கு. அந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. 180 அரைச் சுற்றுதான். ஆனால் இறங்கும்போது உங்கள் முதுகு பள்ளத்தைப் பார்த்திருக்கும். பின்னோக்கிச் சறுக்கத் தெரியாதவருக்கு அந்த அரைச் சுற்று முழுச் சுற்றைவிடப் பொல்லாதது.

அதனால் வரிசையைக் கிளம்பும் இடத்திலிருந்து போடக் கூடாது, இறங்கும் இடத்திலிருந்து போட வேண்டும் என்பது என் கட்சி. ஒரு வித்தை எந்த நிலையில் முடிகிறதோ, அந்த நிலையில் சாதாரணச் சரிவில் உங்களால் அலட்டிக்கொள்ளாமல் ஓட்ட முடிகிறதா? முடிந்தால் அந்த வித்தையைத் தொடலாம். முடியாவிட்டால் அதைத்தான் முதலில் பழக வேண்டும். உச்சத்தில் இருப்பவர்களுக்கும் இதே விதிதான். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஸ்கீயில் பிக் ஏர் (ஒரே பெரிய ஜம்ப்பில் வித்தை காட்டும் போட்டி) முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, சீனாவின் எய்லீன் கு கடைசித் தாவலில் இடப்பக்கம் சுழன்ற டபுள் கார்க் 1620-ஐ (அச்சைச் சாய்த்து இருமுறை கவிழ்ந்து சுழல்வது) இறக்கித் தங்கம் வென்றார். 1620 என்றால் நாலரைச் சுற்று. அந்த அரை இருப்பதால் அவரும் பின்னோக்கித்தான் தரையைத் தொட்டார்.

பார்க்குக்குள் நுழையும் முன்

பார்க் என்பது ஜம்ப்களும் ரெயில்களும் அமைத்த பனித்திடல். அங்கே போகும் முன், நடுத்தரமான சரிவில் இரண்டு ஸ்கீயையும் இணையாக வைத்து, இருபுறமும் ஒரே மாதிரி திரும்பி, நினைத்த இடத்தில் நிற்க முடிய வேண்டும். விளிம்பில் சாய்ந்து வளைவதும், விளிம்பை விட்டுத் தட்டையாக நேரே ஓடுவதும் இரண்டுமே கைவர வேண்டும். இரண்டாவதைப் பலர் பழகுவதே இல்லை. எப்போதும் ஏதாவது ஒரு விளிம்பைப் பிடித்துக்கொண்டே ஓட்டிப் பழகியவர்களுக்கு, ஜம்ப்பை நோக்கித் தட்டையாகப் போகும்போது ஸ்கீ இப்படியும் அப்படியும் அலைவது பயமாக இருக்கும். அந்தப் பயத்தில்தான் உடம்பு பின்னால் சாய்கிறது.

பின்னால் சாய்வதுதான் இந்த விளையாட்டின் மூலவியாதி. இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கி, எடை முழுவதும் ஸ்கீயின் வால்பக்கம் போய்விட்டால் ஸ்கீயைத் திருப்பும் அதிகாரம் கையைவிட்டுப் போகும். அந்த நிலையில் ஒரு விளிம்பு பனியில் கடித்துத் திரும்பினால், திருகு முழுவதும் முழங்காலுக்குள் போகும். ஏசிஎல் தசைநார் கிழிவது பெரும்பாலும் இப்படித்தான். கணைக்கால் பூட்ஸின் நாக்கை மெல்ல அழுத்திக்கொண்டே இருக்கிறதா என்று ஓட்டத்தின் நடுவே அவ்வப்போது கவனியுங்கள். அந்த அழுத்தம் இருந்தால் எடை சரியான இடத்தில் இருக்கிறது.

கருவிகள்

இரண்டு முனையும் மேல்நோக்கி வளைந்த ட்வின் டிப் ஸ்கீ வேண்டும். வால்முனை தட்டையாக இருந்தால் பின்னோக்கிப் போகும்போது அது பனியில் குத்திக்கொள்ளும். சாலமன் நிறுவனத்தின் டென் எய்ட்டி 1998 வாக்கில் வந்த பிறகுதான் இந்த வடிவம் பரவியது. மைக் டக்ளஸ், ஜே.பி. ஆக்லேர் போன்ற கனடிய வீரர்கள் அதற்குப் பின்னணியில் இருந்தார்கள். பின்னோக்கிக் கிளம்பவும் இறங்கவும் வசதி வந்ததும் வித்தைகளின் பட்டியலே மாறிப்போனது.

நீளம், நிமிர்த்தி வைத்தால் மூக்குக்கும் உச்சந்தலைக்கும் இடையில் வந்தால் போதும். புதிதாக வருகிறவர்கள் மிக நீளமானதை எடுக்க வேண்டாம். பூட்ஸை ஸ்கீயோடு பூட்டும் பைண்டிங் ஸ்கீயின் நடுவுக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ அவ்வளவுக்குச் சுழல்வதும் பின்னோக்கி ஓட்டுவதும் எளிது. அதற்காக மிகச் சரியாக நடுவில் பொருத்தினால் சாதாரணச் சரிவில் ஓட்டும் சுகம் குறையும். சற்றுப் பின்னால் இருக்கட்டும்.

பைண்டிங்கின் டிஐஎன் அளவு, அதாவது எவ்வளவு விசையில் ஸ்கீ கழல வேண்டும் என்ற அளவு, பற்றி ஒரு வார்த்தை. எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிப்பாக நீளம், ஓட்டும் திறன் ஆகியவற்றை வைத்துக் கடையில் அதைக் கணக்கிட்டு வைப்பார்கள். பார்க்கில் ஸ்கீ கழன்றுபோகிறது என்று ஸ்குரூடிரைவரை எடுத்து நீங்களே கூட்டாதீர்கள். கழல வேண்டிய நேரத்தில் கழலாத ஸ்கீ, காலைத் திருகும் நெம்புகோல். ரெயில் (மேலேறிச் சறுக்கும் உலோகக் கம்பி) பழகப் போகிறீர்கள் என்றால் பூட்ஸுக்கு நேர் கீழே உள்ள விளிம்பை மட்டும் கொஞ்சம் மழுக்கித் தரச் சொல்லுங்கள். முனையும் வாலும் கூராகவே இருக்கட்டும். பனிக்கட்டியாக இறுகிய சரிவில் அவைதான் காப்பாற்றும்.

ஹெல்மெட் இல்லாமல் பேச்சே இல்லை. இஎன் 1077 அல்லது ஏஎஸ்டிஎம் எஃப்2040 தரக்குறி உள்ளதாகப் பாருங்கள். பலமாக ஒருமுறை அடிபட்டது என்றால், வெளியே கீறல் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை நசுங்குவதற்காகச் செய்யப்பட்டது. முதுகுக் கவசம் நல்லது. ஊன்றுகோல்கள் வழக்கத்தைவிடக் குட்டையாக இருக்கலாம். ஆனால் அவற்றின் வாரை மணிக்கட்டில் மாட்டாதீர்கள். விழும்போது கோல் கையோடு வரக் கூடாது.

முதல் படி: ஜம்ப் இல்லாமல்

மென்சரிவில், யாரும் இல்லாத ஓரத்தில் தொடங்குங்கள். ஓடிக்கொண்டே குதியுங்கள். பிறகு எடையை வால்பக்கம் தள்ளி, ஸ்கீயை வில்லாக வளைத்து, அது நிமிரும் விசையில் எழும்புங்கள். இது ஆலி. முனையை அழுத்தி எழும்பினால் நோலி. எழும் உயரம் ஒரு சாண் இருந்தாலும் போதும். ஸ்கீ எங்கே வளைகிறது, எப்போது திருப்பி உதைக்கிறது என்று கால் தெரிந்துகொள்வதுதான் இங்கே பாடம்.

அடுத்து, பனியிலேயே சுழலுங்கள். மெதுவாக ஓடும்போது ஸ்கீயைத் தட்டையாக்கி, தலையையும் தோளையும் ஒரு பக்கம் திருப்பினால் கால் பின்னால் வரும். 180 வந்ததும் சற்று நேரம் பின்னோக்கிப் போய், அதே திசையில் மீதியையும் சுற்றி முன்னுக்கு வாருங்கள். கீழ்ப்பக்க விளிம்பு பனியில் மாட்டினால் தூக்கி எறியும். எடையை எப்போது எந்த விளிம்புக்கு மாற்ற வேண்டும் என்பதை இங்கே, இந்த வேகத்தில், விழுந்து பழகிக்கொள்வது மலிவு.

முன்பக்கமோ வால்பக்கமோ அழுத்திச் சுழலும் பட்டரையும் இங்கேயே சேர்த்துக்கொள்ளலாம். பார்க்குக்கே போகாமல் ஒரு பருவம் முழுவதும் இதை வைத்தே விளையாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பார்க்குக்கு வரும் நாளில் மற்றவர்களைவிட வேகமாக முன்னேறுவதையும் பார்க்கலாம்.

இரண்டாம் படி: ஸ்விட்ச்

பின்னோக்கி ஓட்டுவதற்கு ஸ்விட்ச் என்று பெயர். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். பலர் இதை ஓர் அலங்காரம்போல நினைத்துத் தள்ளிப்போடுகிறார்கள். பிறகு 180-ஐ இறக்கத் தெரியாமல், அரைச் சுற்றில் பயந்து பாதியில் நிறுத்தி, பக்கவாட்டில் விழுகிறார்கள்.

மிக மென்மையான சரிவில், வால்முனைகள் நெருங்கியும் முன்முனைகள் அகன்றும் இருக்கும்படி, தலைகீழ் ஆப்பு வடிவில் தொடங்குங்கள். உள்விளிம்புகள் வேகத்தைக் கட்டுப்படுத்தும். எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கத் தோளுக்கு மேலாகப் பாருங்கள். கண் போகும் இடத்துக்கு இடுப்பு பின்தொடரும். வேகம் பழகியதும் ஆப்பைச் சுருக்கி இணையாக்கலாம். கால்களை முன்னோக்கி ஓட்டும்போது வைப்பதைவிடச் சற்று அகலமாக வையுங்கள்.

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கும். ஒன்று, பள்ளம் தெரியாத பயத்தில் மேட்டுப்பக்கம் சாய்ந்து, முன்முனைகளின் மேல் எடை போடுவது. அப்போது வால்பக்கம் லேசாகி அலையும். இன்னொன்று, தோளுக்கு மேல் பார்க்கிறேன் என்று மொத்த உடம்பையும் திருகிக்கொள்வது. திருகிய உடம்பில் முழங்கால் மடங்காது. கழுத்து திரும்பட்டும், மார்பு கொஞ்சம் திரும்பட்டும், இடுப்பும் முழங்காலும் ஸ்கீயோடு நேராக இருக்கட்டும்.

ஒரு தோளுக்கு மேல் மட்டும் பார்த்துப் பழகாதீர்கள். எல்லாருக்கும் ஒரு பக்கம் வசதியாக இருக்கும், மற்றது மரத்துப்போனதுபோல இருக்கும். அந்த மற்றதை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் ஓட்டுங்கள். பின்னால் யாராவது வருகிறார்களா, முன்னால் கூட்டம் இருக்கிறதா என்பது ஸ்விட்சில் உங்களுக்குப் பாதிதான் தெரியும். ஆகவே கூட்டமில்லாத நேரமும் அகலமான சரிவும் அவசியம். நடுத்தரச் சரிவில், ஸ்விட்சில், இருபுறமும் திரும்பி நிற்க முடிகிற நாளில்தான் 180-க்கு நீங்கள் தயார்.

பார்க்கைப் படிப்பது

முதல் ஓட்டம் எப்போதும் வேடிக்கை பார்க்கும் ஓட்டம். எதன் மேலும் ஏறாமல் ஓரமாக இறங்கி, ஒவ்வொன்றும் எப்படி இருக்கிறது, எங்கே இறங்குகிறது, பனி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நேற்று இருந்த ஜம்ப் இன்று அதே ஜம்ப் அல்ல. இரவில் இயந்திரம் அதைச் செதுக்கி மாற்றியிருக்கும்.

ஜம்ப்பின் உறுப்புகள் தெரிந்திருக்க வேண்டும். ஓடி வரும் பாதை இன்ரன். மேல்நோக்கி வளைந்து முடியும் உதடு லிப். அதற்கப்பால் தட்டையாக இருப்பது டேபிள். டேபிள் முடிந்து சரிவு தொடங்கும் முட்டு நக்கிள். அதற்குக் கீழே லேண்டிங் சரிவு, பிறகு சமதளம். நக்கிளைச் சற்றே தாண்டிச் சரிவில் இறங்குவதுதான் குறி. காரணம் எளிது. சரிவில் இறங்கும்போது உங்கள் வேகத்தில் பெரும்பகுதி சரிவோடு ஒட்டியே ஓடிவிடுகிறது. அதற்குச் செங்குத்தாக இருக்கும் சிறுபகுதி மட்டும்தான் காலில் அடியாக விழுகிறது. டேபிளிலோ அடிச் சமதளத்திலோ இறங்கினால் விழுந்த உயரம் முழுவதையும் முழங்கால்தான் தாங்க வேண்டும். வேகம் குறைந்து டேபிளில் விழுவதும் வலிக்கும். ஆனால் வேகம் மிஞ்சிச் சரிவைத் தாண்டிச் சமதளத்தில் விழுவது அதைவிட மோசம்.

அப்படியானால் எவ்வளவு வேகம்? இதற்குச் சூத்திரம் இல்லை. உங்கள் எடையும் திறனும் உள்ள ஒருவர் எங்கிருந்து கிளம்புகிறார், நடுவில் திரும்புகிறாரா, எங்கே இறங்குகிறார் என்று பாருங்கள். தெரிந்தவராக இருந்தால் அவர் பின்னாலேயே, போதிய இடைவெளி விட்டு, ஏறாமல் ஓரமாக ஓடிப் பாருங்கள். புதுப்பனி இழுக்கும், இரவில் உறைந்த காலைப் பனி பறக்கவிடும், வெயிலில் குழைந்த மதியப் பனி மறுபடி இழுக்கும். எதிர்காற்றும் கணக்கில் வரும். வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் இன்ரன்னின் மேல்பகுதியிலேயே குறையுங்கள். லிப்புக்கு அருகில் வந்து விளிம்பைப் போடுவது கோணலாகக் கிளம்புவதற்கு உத்தரவாதம். சந்தேகம் வந்தால் பக்கவாட்டில் விலகிப் போய்விடுங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள், சிரித்தால் சிரிக்கட்டும்.

மரியாதைகள் சில உண்டு. கிளம்பும்போது "டிராப்பிங்" என்று குரல் கொடுங்கள். முன்னால் போனவர் லேண்டிங்கை விட்டு விலகியது தெரியும்வரை காத்திருங்கள். லேண்டிங்கில் நிற்காதீர்கள், நக்கிளில் உட்கார்ந்து படம் எடுக்காதீர்கள். மேலிருந்து வருகிறவருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். யாராவது விழுந்து கிடந்தால் மேலே நின்று கைகளைத் தலைக்கு மேல் பெருக்கல் குறிபோலக் காட்டி, யாரும் ஜம்ப்புக்கு வராமல் தடுங்கள். வட அமெரிக்கப் பார்க்குகளில் இந்த அறிவுரைகளை ஸ்மார்ட் (SMART) என்ற ஐந்து ஆங்கில எழுத்தில் சுருக்கிப் பலகையில் எழுதியிருப்பார்கள். அதில் முதலாவது, சிறிதில் தொடங்கு என்பது.

மூன்றாம் படி: நேராகப் போய் நேராக இறங்குவது

சுழலாமல், எதையும் பிடிக்காமல், காற்றில் போய் வருவது. சலிப்பாகத் தோன்றும். ஆனால் மற்ற எல்லா வித்தையும் இதன் மேல்தான் நிற்கிறது.

முதலில் சரிவின் ஓரத்தில் இயல்பாக இருக்கும் மேடுகள். பிறகு பார்க்கின் மிகச் சிறிய ஜம்ப். தட்டையான ஸ்கீ, மடங்கிய கணுக்கால், முன்னால் தெரியும்படி இரண்டு கை. லிப்பின் வளைவு உங்களைக் கீழ்நோக்கி அழுத்தும். அழுத்தத்துக்குப் பணிந்து உட்காராமல் எதிர்த்து நில்லுங்கள். கால் லிப்பின் நுனியைக் கடக்கும் கணத்தில் கணுக்காலும் முழங்காலும் சேர்ந்து நிமிர வேண்டும். இதைப் பாப் என்பார்கள். முன்கூட்டியே நிமிர்ந்தால் காற்றில் உடம்பு விறைத்துப்போகும். நிமிரவே இல்லையென்றால் லிப் உங்களைப் பின்னால் சாய்த்து எறியும்.

எழும்பியதும் முழங்காலை மார்பை நோக்கி இழுத்துச் சுருங்குங்கள். சுருங்கிய உடம்பு காற்றில் நிலையாக இருக்கும். கைகளைச் சக்கரமாகச் சுற்றுகிறீர்கள் என்றால் பாப் சரியாக வரவில்லை என்று பொருள். கண் லேண்டிங்கில் இருக்கட்டும். தரை நெருங்கும்போது காலை நீட்டி, தொட்டதும் மடக்கி வாங்கிக்கொள்ளுங்கள். சத்தமில்லாமல் இறங்கினால் சரியாக இறங்கினீர்கள்.

நான்காம் படி: கிராப்

காற்றில் ஸ்கீயைப் பிடிப்பது கிராப். சுழல்வதற்கு முன்பே இதைப் பழகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிடிப்பதற்குச் சுருங்க வேண்டும். சுருங்குகிறவர் காற்றில் பதறுவதில்லை. முதலில் சேஃப்டி: வலக்கையால் வலது ஸ்கீயின் வெளிவிளிம்பை, பூட்ஸுக்கு அருகில் பிடிப்பது. இடதுக்கு இடக்கை. கையைக் கீழே கொண்டுபோகாதீர்கள், ஸ்கீயைக் கைக்கு ஏற்றுங்கள். குனிந்து பிடித்தால் தலை முன்னால் போய் உடம்பு கவிழத் தொடங்கும்.

முதலில் தொட்டால் போதும். பிறகு பிடியுங்கள். அடுத்து, பிடித்துக்கொண்டே இருங்கள். அடுத்தது மியூட்: ஒரு கை குறுக்கே போய் எதிர் ஸ்கீயை பைண்டிங்குக்கு முன்னால் பிடிக்கும், ஸ்கீகள் பெருக்கல் குறிபோலக் குறுக்கிடும். இறங்குமுன் அவற்றைப் பிரிக்க நேரம் வேண்டும் என்பதால் சற்றுப் பெரிய ஜம்ப் தேவை. ஜப்பான், டெய்ல் என்ற பிடிகள் பிறகு வரட்டும். டெய்ல் கிராப்பில் உடம்பு பின்னால் வளையும். நம் மூலவியாதி இருக்கும் திசை அது.

பாக்ஸும் ரெயிலும்

பாக்ஸ் என்பது மேலேறிச் சறுக்கும் வழவழப்பான, அகன்ற பெட்டி. இதையும் ரெயிலையும் ஜம்ப் வரிசையோடு பக்கத்திலேயே வைத்துப் பழகலாம். மூன்றாம் படி வந்த பிறகு எப்போது வேண்டுமானாலும் தொடங்குங்கள். தொடங்க வேண்டியது பனியோடு சமமாகப் பதித்த, அகலமான, நேரான பாக்ஸில். ஏறுவதற்குக் குதிக்க வேண்டியிராத வகை அது.

பனியில் விளிம்பைச் சாய்த்தால் பிடி கிடைக்கும். பாக்ஸில் விளிம்பைச் சாய்த்தால் ஸ்கீ காலுக்கு அடியிலிருந்து ஓடிப்போகும். உடம்புக்கு இத்தனை நாள் கற்றுக்கொடுத்த அனிச்சையை இங்கே அணைத்துவைக்க வேண்டும். ஆகவே முதலில் நேராக ஏறி, தட்டையான ஸ்கீயில், திரும்பாமல், வேகத்தைக் குறைக்க முயலாமல் மறுமுனை வரை ஓடுங்கள். கண் பாக்ஸின் முடிவில் இருக்கட்டும், காலடியில் வேண்டாம்.

அடுத்தது குறுக்காகச் சறுக்குவது. ஏறும்போது லேசாகத் துள்ளி ஸ்கீயை 90 பாகை திருப்புங்கள். பாக்ஸ் இரண்டு பூட்ஸுக்கும் நேர் கீழே வர வேண்டும். கால்கள் தோளளவைவிட அகலம், எடை இரண்டிலும் சமம், தோள்கள் போகும் திசையை நோக்கி. விழப்போவதுபோல் தோன்றும் கணத்தில் எல்லாரும் பின்னால் சாய்கிறார்கள். அப்போது விளிம்பு சாய்கிறது, கால் பறக்கிறது, இடுப்பு பாக்ஸில் விழுகிறது. மனம் பின்னால் போகச் சொல்லும்போது முன்காலின் மேல் நில்லுங்கள். இதைச் சொல்வது எளிது, செய்வதற்குத் துணிச்சல் வேண்டும். அதனால்தான் உயரம் குறைந்த பாக்ஸில் அலுக்கும்வரை செய்யச் சொல்கிறேன். இடுப்புக்குப் பஞ்சு வைத்த உள்ளாடை அணிவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதன் பிறகு, முடிவில் முன்னோக்கி இறங்குவதற்குப் பதிலாக ஸ்விட்சில் இறங்குவது, குறுகிய பாக்ஸ், அகன்ற ரெயில், குழாய் ரெயில், குதித்து ஏற வேண்டிய ரெயில். நடுவில் மடங்கிக் கீழே போகும் ரெயில்களை எல்லாவற்றுக்கும் கடைசியில் வையுங்கள்.

ஐந்தாம் படி: சுழற்சி

முதலில் உங்கள் இயல்பான பக்கத்தைக் கண்டுபிடியுங்கள். வெறும் தரையில், ஸ்கீ இல்லாமல், குதித்து ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். யோசிக்காமல் எந்தப் பக்கம் சுற்றினீர்களோ அதுதான்.

180-ஐ ஓரத்து மேட்டில் தொடங்குங்கள். பாப் செய்து, தலையையும் தோளையும் திருப்பி, இறங்கியதும் ஸ்விட்சில் ஓடிக்கொண்டே இருங்கள். இறங்கிய கணத்தில் மறுபடி முன்னுக்குத் திரும்பிவிடும் பழக்கத்தை வளர்க்காதீர்கள். பின்னாளில் 540 இறக்கும்போது அந்தப் பழக்கம் காலை வாரும். ஸ்விட்சை ஒழுங்காகப் பழகியவருக்கு 180 ஒரு மதியப்பொழுதில் வந்துவிடும். அதனால்தான் இங்கே அதைப் பற்றி அதிகம் சொல்லவில்லை.

360-இல்தான் நிதானம் வேண்டும். காற்றில் போன பிறகு சுழற்சியை உங்களால் உண்டாக்க முடியாது. லிப்பை விடும்போது எவ்வளவு சுழற்சி உடம்பில் இருக்கிறதோ அவ்வளவுதான். கையைச் சுருக்கினால் அது வேகமாகும், விரித்தால் மந்தமாகும். ஆகவே காரியம் முழுவதும் லிப்பில் நடக்கிறது. இன்ரன்னில் தோள்களை எதிர்த்திசையில் கொஞ்சம் திருகி வைத்துக்கொண்டு, நிமிரும் அதே கணத்தில் போக வேண்டிய பக்கம் விடுவியுங்கள். முதலில் எழும்புதல், அதோடு ஒட்டிச் சுழற்சி. சுழற்சிக்காக எழும்புதலைப் பலிகொடுக்கக் கூடாது. ஸ்கீ தட்டையாகவே லிப்பை விட வேண்டும். விளிம்பால் பனியைச் சீவிக்கொண்டு சுற்றினால் அச்சு சாயும். பம்பரம்போலத்தான்: அச்சு நிமிர்ந்திருந்தால் ஓரிடத்தில் அமைதியாகச் சுற்றும், சாய்ந்துவிட்டால் தலையாட்டத் தொடங்கும்.

தலை முன்னே போகட்டும். இயல்பான பக்கத்துத் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே வந்தால், முக்கால் சுற்று முடியும்போது லேண்டிங் கண்ணில் படும். அங்கே பலர் செய்வது என்ன தெரியுமா? பாதிச் சுற்றில், முதுகு பள்ளத்தைப் பார்க்கும் இடத்தில், கீழே பனியைப் பார்த்துவிடுகிறார்கள். பார்த்ததும் தலை நிற்கிறது, தலையோடு சுழற்சியும் நிற்கிறது. கீழே பார்க்காதீர்கள், சுற்றிப் பாருங்கள். ஒருவேளை பாதியில் நின்றுவிட்டாலும் நீங்கள் ஸ்விட்சில்தான் இறங்குவீர்கள். அது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஊர். 360-க்கு முன் ஸ்விட்சை வற்புறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

360 நிலையாக வந்ததும் அதோடு சேஃப்டி கிராப்பைச் சேருங்கள். பிறகு ஸ்விட்சில் கிளம்பி 180 சுற்றி முன்னோக்கி இறங்குங்கள். இறங்குவது சுலபம், கிளம்புவது கண்ணைக் கட்டியதுபோல இருக்கும். அப்புறம் 540, அப்புறம் 720. நடுநடுவே எதிர்ப்பக்கத்தையும் மறுபடி 180-இலிருந்து தொடங்குங்கள். ஸ்லோப்ஸ்டைல் (ரெயில்களும் ஜம்ப்களும் அடுத்தடுத்து வரும் போட்டி) நடுவர்கள் முன்னோக்கியும் ஸ்விட்சிலும் இடம், வலம் என நாலு திசையிலும் ஒருவர் சுழல்கிறாரா என்று பார்ப்பார்கள். போட்டிக்குப் போகாதவருக்கும் ஒரு பக்கம் மட்டுமே தெரிந்த உடம்பு ஒரு கட்டத்தில் முட்டிக்கொண்டு நிற்கும்.

எப்போது அடுத்த படி?

ஒருமுறை இறக்கியது கணக்கில்லை. நல்ல பனியிலும் சுமாரான பனியிலும், காலையிலும் மதியத்திலும், யோசிக்காமல் வர வேண்டும். யாரையாவது படம் எடுக்கச் சொல்லிப் பாருங்கள். காற்றில் உங்கள் முகத்தில் பதற்றம் தெரியாமல், இறங்கிய பிறகு இரண்டு மூன்று திருப்பம் இயல்பாக ஓட்டிப்போனால் அந்த வித்தை உங்களுடையது.

மாற்றுவதானால் ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றுங்கள். புது வித்தையைப் பழகிய ஜம்ப்பில் செய்யுங்கள். புது ஜம்ப்பில் பழகிய வித்தையைச் செய்யுங்கள், அதுவும் நேராகப் போய் வந்த பிறகு. இரண்டையும் சேர்த்து மாற்றுவதுதான் ஆழம் தெரியாமல் காலை விடுவது. களைத்துவிட்டால் நிறுத்துங்கள். தலையில் அடிபட்டுத் தலைசுற்றல், குமட்டல், குழப்பம் எது இருந்தாலும் அன்றைக்கு ஸ்கீயைக் கழற்றிவிட்டு மருத்துவரிடம் போங்கள். நன்றாகத்தான் இருக்கிறேன் என்று அடிபட்டவரே சொல்வதை நம்பாதீர்கள்.

ஹாஃப்பைப்

ஹாஃப்பைப் என்பது இருபுறமும் பனிச்சுவர் எழும் அரைக்குழாய் வடிவப் பாதை. போட்டிகளில் பயன்படும் ஹாஃப்பைப்பின் சுவர் 22 அடி, அதாவது 6.7 மீட்டர். அங்கே தொடங்காதீர்கள். சிறிய பைப் கிடைத்தால், சுவரில் பாதி உயரம் ஏறித் திரும்பி இறங்குவதில் தொடங்கி, நாளடைவில் உதடு வரை போகலாம். காற்றில் எழுந்தாலும் சுவரிலேயே திரும்ப இறங்க வேண்டும். அடித்தளத்திலும் மேல்மேடையிலும் விழுவதுதான் எலும்பை உடைக்கும். ஜம்ப்பில் 360 வராதவர் இங்கே அவசரப்பட வேண்டியதில்லை.

தலைகீழாகப் போவது

நார்வேயின் ஸ்டைன் எரிக்சன் 1952 ஓஸ்லோ ஒலிம்பிக்கில் ஜயன்ட் ஸ்லாலம் தங்கம் வென்றவர். ஸ்கீயோடு காற்றில் குட்டிக்கரணம் அடித்துக்காட்டி வேடிக்கை பார்த்தவர்களை வாய்பிளக்க வைத்தவரும் அவரே. அவர் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகியவர் என்பதை மறந்துவிடாதீர்கள். தலைகீழ் வித்தைகளைப் பனியில் கற்பதில்லை. வேறிடத்தில் கற்று, பனிக்குக் கொண்டுவருகிறார்கள்.

டிராம்போலின் முதல் இடம். பயிற்சியாளர் பார்த்துக்கொண்டிருக்க, பேக்ஃப்ளிப்பில் எப்போது தரை கண்ணில் படுகிறது என்று தெரியும்வரை அங்கேயே இருங்கள். அடுத்து தண்ணீரில் விழும் சாய்தளமோ காற்றுப்பையோ. இரண்டும் நல்லவை, ஆனால் காற்றுப்பை கொஞ்சம் பொய் சொல்லும். முதுகில் விழுந்தாலும் அது மன்னித்துவிடுவதால், இறக்கிவிட்டோம் என்ற நினைப்பு வரும். காலில், எடை நடுவில் இருக்க இறங்கியவற்றை மட்டும் எண்ணுங்கள்.

ஃப்ரன்ட்ஃப்ளிப்பைவிட பேக்ஃப்ளிப் முதலில் வருவதற்குக் காரணம் மறுபடி லேண்டிங்தான். பின்னால் கவிழும்போது பாதிக்கு மேல் போனதும் தரை தெரிந்துவிடும். முன்னால் கவிழும்போது கடைசி வரை தெரியாது. கார்க் என்பது அச்சைச் சாய்த்துச் சுழல்வது. நிமிர்ந்த 540-ம் 720-ம் கையில் இருக்கும்போது மட்டும் அதைத் தொடுங்கள். பலருக்கு முதல் கார்க் 720-ஆக இருக்கிறது, ஏனென்றால் அது முன்னோக்கி இறங்கும். பல பார்க்குகளில் தலைகீழ் வித்தைகளுக்குத் தடை உண்டு. நுழைவாயில் பலகையில் எழுதியிருக்கும். தடை இல்லாத இடத்திலும், பனியில் முதல் தடவை செய்யும்போது பயிற்சியாளர் ஒருவர் உடனிருந்து வேகத்தைச் சொல்ல வேண்டும். லேண்டிங் மென்மையாக இருக்க வேண்டும். காற்றோ மங்கிய வெளிச்சமோ இருந்தால் அன்றைக்கு வேண்டாம். மேகமூட்டத்தில் பனி முழுவதும் ஒரே வெள்ளையாகிவிடும், தலைகீழாக இருக்கும்போது வானம் எது, லேண்டிங் எது என்று பிரித்தறிய முடியாது.